டிஸ்க் போனால் பாக்ஸே போச்சா?

ஆடிட்டர் ஆபீஸ், நர்சிங் ஹோம், மெட்ரிக் பள்ளி, பனியன் கம்பெனி, கூட்டுறவுச் சங்கம் என்று பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர் இருக்கும் இடங்களில் இன்று ஃபயர்வால் பெட்டியைப் பார்க்கலாம். இன்டர்நெட் கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் உட்கார்ந்து, எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று பார்ப்பது அதன் வேலை. வாங்கும்போது வேகம் எவ்வளவு, எத்தனை பேர் வி.பி.என். போடலாம், லைசென்ஸ் எத்தனை வருஷம் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். உள்ளே இருக்கும் டிஸ்க் எத்தனை வருஷம் தாங்கும் என்று மட்டும் கேட்பதில்லை. விற்பவரும் சொல்வதில்லை. சில வருஷம் கழித்து அந்த டிஸ்க் கைவிடும்போதுதான் விஷயம் தெரிகிறது: பல சிறிய மாடல்களில் டிஸ்க்கைத் தனியாக மாற்ற வழியில்லை, பெட்டியையே மாற்ற வேண்டும்.

கோவை, திருப்பூர் பக்கம் சிறு நிறுவனங்களுக்கு நெட்வொர்க் பராமரிப்பு பார்க்கும் எங்களுக்கு இந்த அழைப்பு பெரும்பாலும் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளன்று சாயங்காலம்தான் வரும். காலையில் போன கரன்ட் அப்போதுதான் வந்திருக்கும். யு.பி.எஸ். பேட்டரி அத்தனை நேரம் தாங்கியிருக்காது. லைட், ஃபேன், கம்ப்யூட்டர் எல்லாம் வந்துவிடும், இன்டர்நெட் மட்டும் வராது. கன்சோல் கேபிளைச் செருகி லேப்டாப்பில் பார்த்தால், பெட்டி ஸ்டார்ட் ஆகப் பார்க்கும், டிஸ்க்கைக் கூப்பிடும். டைம்அவுட். மறுபடியும் கூப்பிடும். மறுபடியும் டைம்அவுட். கடைசியில் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும்.

உரிமையாளர் மின்வாரியத்தைத் திட்டுவார். சில சமயம் அது நியாயமாகவும் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் டிஸ்க்கில் உள்ள ஃபைல்கள் சிதைவதுண்டு. ஆனால் பல பெட்டிகளில் டிஸ்க் அதற்கு முன்பே செத்திருக்கும். ஃபயர்வால் ஓடுவதற்கு வேண்டிய மென்பொருளில் பெரும்பகுதி ஸ்டார்ட் ஆகும்போதே ரேமில் ஏறிவிடுகிறது. அப்புறம் டிஸ்க் செத்தாலும் பெட்டி வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காதது போல ஓடும். நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் பதிவாகாது, புதிதாகச் செய்த மாற்றம் சேமிக்கப்படாது, ஆனால் இன்டர்நெட் கிடைத்துக்கொண்டிருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. கரன்ட் போய் வந்த அன்றைக்கு குட்டு உடைகிறது.

அடுத்தது சப்போர்ட்டுக்குப் போன். ஒரு நர்சிங் ஹோமின் பில்லிங் கவுன்ட்டர் ஓரத்தில் நின்றுகொண்டு நான் பேசியது இது.

“சீரியல் நம்பர் சொல்லுங்க சார்... உங்க சப்போர்ட் கான்ட்ராக்ட் முடிஞ்சிருக்கே. ரெனிவல் பண்ணினாதான் ஆர்.எம்.ஏ. எடுக்க முடியும்.”

“டிஸ்க் மட்டும் விலைக்குக் கொடுங்க மேடம், நாங்களே மாத்திக்கறோம்.”

“அது ஸ்பேரா வராது சார், போர்டோட சேர்ந்தது. புது மாடலுக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு. சேல்ஸ்ல இருந்து கூப்பிடச் சொல்லட்டுமா?”

ஆர்.எம்.ஏ. என்றால் பழுதான பெட்டியைத் திருப்பியனுப்பி மாற்று வாங்குவது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் இந்த உரையாடலை வெவ்வேறு கம்பெனிகளோடு நடத்தியிருப்பார்கள்.

நகம் அளவு சில்லு

மூடியைத் திறந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பிராசசர், அதன் மேல் ஹீட் சிங்க், ரேம், பின்பக்கம் கேபிள் போர்ட்டுகள். ஓரத்தில் நகம் அளவில் கறுப்பாக ஒரு சில்லு. அதுதான் டிஸ்க்; இஎம்எம்சி என்பார்கள். நம் செல்போன்களில் பல வருஷமாக இருந்துவரும் அதே சங்கதி. பரவலாகப் பயன்படும் வகை 11.5 மில்லிமீட்டருக்கு 13 மில்லிமீட்டர். அடியில் இருக்கும் 153 புள்ளிகளால் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். ஸ்க்ரூ கிடையாது, சாக்கெட் கிடையாது.

ஃபிளாஷ் வகைச் சேமிப்பகம் எல்லாமே எழுத எழுதத் தேயும். ஒவ்வொரு செல்லையும் இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்று கணக்கு உண்டு. அதோடு, லாக்கில் ஒரு வரி இருநூறு எழுத்துதான் என்றாலும் ஃபிளாஷ் அப்படித் துளித்துளியாக எழுதாது. ஒரு பக்கம் முழுதாகத்தான் எழுதும், ஒரு பிளாக் முழுதாகத்தான் அழிக்கும். ஆகவே நாம் எழுதச் சொன்னதைப்போலப் பல மடங்கு உள்ளே எழுதப்படுகிறது. சில ஃபயர்வால்களில் இருக்கும் இசட்.எஃப்.எஸ். கோப்பு முறை, சேர்ந்த தகவலை வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் கொட்டும். ஒரு நாளைக்கு 17,280 தடவை. யார் எந்த வெப்சைட் போனார்கள், எந்தத் தாக்குதல் தடுக்கப்பட்டது என்று பதிவு செய்யும் வசதிகளை எல்லாம் ஆன் செய்துவிட்டால் சில்லுக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த வசதிகளைக் காட்டித்தான் பெட்டியை விற்கிறார்கள்.

டிஸ்க் தேய்வது குற்றமில்லை. மிக்ஸி ஜாரின் பிளேடும் மழுங்கத்தான் செய்யும். கடைத்தெருவில் கொடுத்தால் பிளேடை மாற்றித் தருகிறார்கள், மிக்ஸியையே தூக்கிப் போடு என்று யாரும் சொல்வதில்லை. தேயும் என்று தெரிந்த பாகத்தைப் பிரிக்க முடியாமல் ஒட்டி, அதன் ஆயுளையும் சொல்லாமல் விற்பதுதான் எங்கள் புகார்.

இதில் வேதனை என்னவென்றால், தான் எவ்வளவு தேய்ந்திருக்கிறோம் என்று சில்லுக்கே தெரியும். 2013-ல் வந்த இஎம்எம்சி 5.0 தரத்திலேயே, ஆயுளில் எத்தனை சதவீதம் கழிந்தது என்பதைப் பத்துப் பத்தாகச் சொல்லும் பதிவேடு இருக்கிறது. மாற்று பிளாக்குகள் தீரப்போகின்றன என்று எச்சரிக்கும் வசதியும் இருக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் ஸ்மார்ட் என்ற பெயரில் இதே தகவல் கிடைக்கும். ஆனால் பல பெட்டிகளின் முகப்புத் திரையில் சி.பி.யூ. சதவீதம் இருக்கும், ரேம் சதவீதம் இருக்கும், டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்பதும் இருக்கும். எவ்வளவு தேய்ந்தது என்பது இருக்காது. கமாண்ட் தெரிந்தவர் உள்ளே போய்த் தோண்டினால் உண்டு. லைசென்ஸ் தீர முப்பது நாள் இருக்கிறது என்று சிவப்பில் எச்சரிக்கத் தெரிந்த பெட்டிக்கு இதைச் சொல்லத் தெரியாதா?

கார் விஷயத்தில் நடந்தது

இதே வகைச் சில்லுக்காக அமெரிக்காவில் ஒரு பெரிய விசாரணையே நடந்தது, கார் விஷயத்தில். டெஸ்லாவின் 2012 முதல் 2018 வரையிலான மாடல் எஸ், 2016 முதல் 2018 வரையிலான மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக்குள் 8 ஜி.பி. இஎம்எம்சி சில்லு இருந்தது. ஒவ்வொரு பிளாக்கும் சுமார் 3,000 தடவை அழித்து எழுதத் தாங்கும். தினமும் ஓட்ட ஓட்டத் தகவல் எழுதப்பட்டு, ஐந்தாறு வருஷத்தில் சில்லு தீர்ந்தது. திரை இருண்டது, ரிவர்ஸ் கேமரா போனது, கண்ணாடிப் பனியை நீக்கும் கட்டுப்பாடும் போனது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2020-ல் விசாரணை தொடங்கி, 2021 ஜனவரியில் சுமார் 1,58,000 கார்களைத் திரும்பப் பெறும்படி டெஸ்லாவுக்குக் கடிதம் எழுதியது. தேயக்கூடிய பாகம் காரின் ஆயுள் முழுக்க உழைக்கும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று டெஸ்லா வாதாடிப் பார்த்தது. கடைசியில் 2021 பிப்ரவரியில் சுமார் 1,35,000 கார்களுக்கு இலவசமாக மாற்றித்தர ஒப்புக்கொண்டது. புதிதாக வந்த சில்லு 64 ஜி.பி.

ஃபயர்வால் உலகத்தில் எப்படி? 2017 பிப்ரவரியில் சிஸ்கோ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஏ.எஸ்.ஏ. 5506, 5508, 5516 ஃபயர்வால்கள் உள்பட அதன் பல கருவிகளில் இருந்த ஒரு கிளாக் பாகம் சுமார் 18 மாதத்துக்குப் பிறகு செயலிழக்கத் தொடங்கலாம், அதன் பின் கருவி ஸ்டார்ட் ஆகாது என்றது. இது டிஸ்க் கோளாறு அல்ல என்றாலும் தீர்வைக் கவனியுங்கள்: 2016 நவம்பர் 16 அன்று வாரன்டியிலோ சர்வீஸ் கான்ட்ராக்டிலோ இருந்த கருவிகளுக்கு மாற்று. முன்வந்து சொன்னதைப் பாராட்டலாம். ஆனால் குறை உற்பத்தியில் இருக்கும்போது, கான்ட்ராக்ட் போடாதவர் வாங்கிய பெட்டி மட்டும் எப்படிப் பாவம் செய்தது?

டெஸ்லா காரருக்குக் கிடைத்த நியாயம் அவருக்கு ஏன் இல்லை? காருக்குக் கேள்வி கேட்க ஓர் அமைப்பு இருந்தது. ஃபயர்வாலுக்கு இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2019 நவம்பரில் ஹெச்.பி.ஈ. நிறுவனம், தன் சர்வர்களில் உள்ள சில எஸ்.எஸ்.டி.கள் ஃபர்ம்வேர் பிழையால் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று அறிவித்தது. அதாவது 3 வருஷம், 270 நாள், 8 மணி. டிஸ்க்கும் மீளாது, தகவலும் மீளாது; ஒரே நாளில் பொருத்தியவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாகும் என்று அந்த அறிவிப்பே சொன்னது. 2020 மார்ச்சில் வேறு சில டிஸ்க்குகளுக்கு 40,000 மணி நேரம் என்று இரண்டாவது அறிவிப்பு வந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு ஃபயர்வாலை ஒரே பில்லில் வாங்கி, ஒரே நாளில் ஆன் செய்து ஜோடியாக ஓட்டுபவர்கள் நம்மிடையே ஏராளம். இப்படி ஒரு பிழை அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தால் ஜோடி போட்டும் பயனில்லை.

180 நாள் லாக் எங்கே?

வீட்டு டி.வி. பழுதானால் வீட்டோடு போச்சு. ஃபயர்வால் டிஸ்க் போனால் சட்டக் கடமையும் சேர்ந்து போகிறது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாளுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சைபர் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் தந்தார்கள், விலக்குத் தரவில்லை.

லாக் வை என்று சொல்லும் அரசு, அது எந்த டிஸ்க்கில் உட்காரப்போகிறது என்று கேட்கவில்லை. உத்தரவுக்குப் பயந்து ஒரு நிறுவனம் பெட்டிக்குள்ளேயே எல்லா லாக்கையும் ஆன் செய்கிறது. அந்த எழுத்தே டிஸ்க்கைத் தின்கிறது. டிஸ்க் சாகும்போது லாக்கும் சாகிறது. திருடன் வந்து போன அன்று போலீஸ் கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

பாதுகாப்பே தள்ளிப்போவதும் உண்டு. 2024 ஏப்ரலில் பாலோ ஆல்டோ ஃபயர்வால்களிலும், 2025 செப்டம்பரில் சிஸ்கோ ஏ.எஸ்.ஏ.விலும் தாக்குதல்காரர்கள் பயன்படுத்திய ஓட்டைகள் வெளிப்பட்டபோது உடனே அப்டேட் செய்யச் சொன்னார்கள். அப்டேட் என்றால் ரீபூட். “ஓடிட்டிருக்கிறதைத் தொடாதீங்க, திரும்ப வரலேன்னா யார் பொறுப்பு?” என்று கேட்கும் அட்மின்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டிஸ்க்கின் நிலை தெரியாதவருக்கு அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் அந்தப் பயத்தால் ஓட்டை அடைபடாமலே இருக்கிறது.

செத்த பெட்டியை என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி. வி.பி.என். பாஸ்வேர்டு, ஊழியர் பெயர், உள் நெட்வொர்க்கின் வரைபடம் எல்லாம் அந்தச் சில்லில் இருக்கின்றன. ஸ்டார்ட் ஆகாத பெட்டியில் எதை அழிப்பது? கழற்றி வைத்துக்கொள்ளவும் முடியாது. அப்படியே ஆர்.எம்.ஏ.க்கு அனுப்புகிறோம், அல்லது பழைய சாமான் கடைக்குப் போகிறது. 2023-ல் ஈசெட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பழைய கருவிச் சந்தையில் ரவுட்டர்களையும் ஃபயர்வால்களையும் வாங்கிச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் முந்தைய நிறுவனத்தின் முழு அமைப்பும் அழியாமல் இருந்தது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. அதைக் கட்டப்போவது பெட்டியை விற்றவர் அல்ல.

சட்டத்தின் சந்துக்குள்

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. தனியாளாக இ-சேவை மையம் நடத்துபவர் வாதாடிப் பார்க்கலாம்; பனியன் கம்பெனி முதலாளியால் முடியாது.

பழுதுபார்க்கும் உரிமை என்று மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24-ல் இணையதளம் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். நெட்வொர்க் கருவி அதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 மார்ச் முதல், சர்வர்களில் டிஸ்க்கைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும், தகவலைப் பாதுகாப்பாக அழிக்கும் வசதி வேண்டும் என்று விதியே இருக்கிறது. அங்கேயும் ஃபயர்வால் போன்ற பெட்டிகள் அந்த விதிக்கு வெளியேதான் நிற்கின்றன.

முடியாத காரியம் என்று கம்பெனிகள் சொல்ல முடியாது. பெரிய மாடல்களில் டிஸ்க்கை இழுத்து மாற்றும்படிதான் செய்கிறார்கள், சிஸ்கோவின் ஏ.எஸ்.ஏ. 5545-எக்ஸ் போன்றவற்றில் இரண்டு டிஸ்க் போட்டு ஒன்றின் நகலை இன்னொன்றில் வைக்கும் வசதியே இருந்தது. நெட்கேட் நிறுவனம் தன் சில சிறிய மாடல்களில் எம்.2 எஸ்.எஸ்.டி.யைப் பயனரே பொருத்திக்கொள்ள வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை. மறுக்கப்படுவது பெரும்பாலும் சிறிய பெட்டி வாங்குபவருக்குத்தான்.

என்ன செய்ய வேண்டும்?

தயாரிப்பாளர்களிடம் நாங்கள் கேட்பது ஐந்து. டிஸ்க் எந்த வகை, மொத்தம் எவ்வளவு எழுதத் தாங்கும் என்பதை விவரத் தாளில் அச்சிடுங்கள். தேய்மானத்தை முகப்புத் திரையில் காட்டி, 80 சதவீதம் தாண்டினால் எச்சரியுங்கள். சிறிய மாடலிலும் டிஸ்க்கைச் சாக்கெட்டில் வையுங்கள். பெட்டியை விற்கும் காலம் முழுக்கவும் அதன் பிறகு சில வருஷமும் ஸ்பேர் கொடுங்கள். தொகுதி தொகுதியாக டிஸ்க் போகிறது என்று தெரிந்தால், கான்ட்ராக்ட் இருக்கிறதா என்று பார்க்காமல் மாற்றிக் கொடுங்கள்.

அரசிடம் கேட்பதும் உண்டு. பழுதுபார்க்கும் உரிமைப் பட்டியலில் நெட்வொர்க் கருவிகளை நுகர்வோர் துறை சேர்க்க வேண்டும். லாக் வைக்கச் சொன்ன செர்ட்-இன், அதைப் பெட்டிக்கு வெளியே எப்படி வைப்பது என்று சிறு நிறுவனங்களுக்குத் தெளிவான வழிகாட்டி தர வேண்டும். எல்காட் போன்ற அரசுக் கொள்முதல் அமைப்புகளுக்கு இதில் பெரிய பலம் இருக்கிறது. மாற்றக்கூடிய டிஸ்க், தேய்மான எச்சரிக்கை, பழைய டிஸ்க்கை வாங்கியவரே வைத்துக்கொள்ளும் உரிமை என்ற மூன்றும் டெண்டர் நிபந்தனை ஆனால், அரசு ஆர்டர் வேண்டும் என்கிற கம்பெனி மாற்றித்தான் ஆக வேண்டும்.

அதுவரை நாமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். லாக்கைச் சிஸ்லாக் மூலம் வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்புங்கள். பெட்டியின் டிஸ்க் தப்பும், 180 நாள் கணக்கும் நிற்கும். பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபயர்வால் மென்பொருள்களில் தற்காலிக ஃபைல்களை ரேமிலேயே வைக்கும் வசதி உண்டு; கரன்ட் போனால் அங்கிருப்பது போய்விடும் என்பதால் சிஸ்லாக்கை முதலில் சரிசெய்துவிட்டு அதைப் போடுங்கள். கான்ஃபிக் பேக்கப் மாதம் ஒருமுறை பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நீங்களே நேரம் குறித்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது ரீபூட் செய்து பாருங்கள். செத்த டிஸ்க் அன்று தெரிந்தால் சமாளிக்கலாம், ஆபரேஷன் தியேட்டர் ஓடும்போது தெரிந்தால் முடியாது. ஏ.எம்.சி. பார்ப்பவரிடம் டிஸ்க் தேய்மான அறிக்கையை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்த தடவை ஃபயர்வாலுக்குக் கொட்டேஷன் வாங்கும்போது இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள்: “டிஸ்க்கைத் தனியாக மாற்ற முடியுமா? கான்ட்ராக்ட் முடிந்த பிறகு டிஸ்க் மட்டும் விலைக்குக் கிடைக்குமா?” எழுத்தில் பதில் தராதவரிடம் வாங்காதீர்கள்.